பெருங்காயம் மணக்கும் கறி

வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையல் என்றால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது அமாவாசைச் சமையலும் கோயில் பிரசாதமும்தான். அதில் பெருங்காயமும் மணந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், அது சைவச் சமையல். கறிக்குழம்பு வைக்கும் வீடுகளிலோ முதலில் கைக்கு வருவது சின்ன வெங்காயமும் பூண்டும் சோம்பும். பெருங்காயம் சாம்பாருக்கு, சோம்பு கறிக்கு என்று நம் அஞ்சறைப் பெட்டியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் செல்லாத இடம் காஷ்மீரப் பண்டிதர்களின் சமையலறை. அவர்கள் வைக்கும் ஆட்டுக்கறியில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, தக்காளியும் கிடையாது. பெருங்காயம் உண்டு, சோம்பு உண்டு, சுக்கு உண்டு. இந்த மூன்றும் நம் வீட்டில் எப்போதும் இருப்பவைதாம் என்பதால், ரோகன் ஜோஷ் என்ற அந்தக் கறியை நம் அடுப்பில் வைத்துப் பார்ப்பதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. சிரமம் எல்லாம் நம் கைப்பழக்கத்தை ஒரு நாளைக்கு ஓரமாக வைப்பதில்தான் இருக்கிறது.

தில்லியில் இருக்கும் நமக்கு ரோகன் ஜோஷ் என்ற பெயர் புதிதல்ல. ஓட்டல் மெனுக்களில் அடிக்கடி கண்ணில் படுவதுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தப் பெயரில் மேசைக்கு வருவது, அண்டாவில் மொத்தமாக வதக்கி வைத்த வெங்காயம் தக்காளி மசாலாவில் புரட்டி எடுத்த மட்டன். அதே மசாலாவில் கோழியைப் போட்டால் ஒரு பெயர், பனீரைப் போட்டால் இன்னொரு பெயர். சுவையில் குறை சொல்ல மாட்டேன். பசி நேரத்தில் சூடான நானோடு நன்றாகவே இறங்கும். ரோகன் ஜோஷ் என்று அதைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் ஒரு பண்டிதர் குடும்பம் இருக்கிறது. ஸ்ரீநகரில் பிறந்து வளர்ந்தவர்கள். 1990-ல் பள்ளத்தாக்கில் வன்முறை மூண்டு பண்டிதக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறியபோது, ஜம்மு வழியாகத் தில்லி வந்து சேர்ந்தவர்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை ‘மாமி’ என்றே கூப்பிடுகிறோம். இந்தியிலும் அது உறவுச் சொல்தானே, அவருக்கும் பழகிவிட்டது. கீழே நான் தரும் அளவுகள் அவருடைய கையளவுகள். அவரிடம் ஸ்பூன் கணக்கெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பொடியையும் அவர் கையில் அள்ளியதும் ஒரு தட்டில் கொட்டச் சொல்லி, ஸ்பூனால் அளந்து எழுதிக்கொண்டு, பிறகே பாத்திரத்தில் போட விட்டேன். மாமிக்கு அது பெரிய வேடிக்கை. வெளிநாட்டில் இருக்கும் மகளும் புனேயில் வேலை பார்க்கும் பேரனும் தொலைபேசியில் செய்முறை கேட்கும்போதெல்லாம் “கொஞ்சம் போடு, பார்த்துப் போடு” என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடிந்ததில்லை. நான் எழுதிய காகிதத்தை இந்தியில் பெயர்த்து எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

காஷ்மீரிகள் தில்லிக்கு வந்தது 1990-ல்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஜவாஹர்லால் நேருவின் முன்னோரான ராஜ் கௌல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்துவிட்டார். தெற்கு தில்லியில் பாம்போஷ் என்க்ளேவ் என்று ஒரு பேட்டையே பண்டிதர்கள் அமைத்துக்கொண்டது. பாம்போஷ் என்றால் காஷ்மீரி மொழியில் தாமரை.

பிராமணர்கள் மாமிசம் சாப்பிடுவார்களா என்று நம்மவர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவது வழக்கம். காஷ்மீரப் பண்டிதர்களுக்கு அது பரம்பரை வழக்கம். ‘ஹேரத்’ என்று அவர்கள் கொண்டாடும் சிவராத்திரியில் பல குடும்பங்களில் ஆட்டுக்கறியும் மீனும் சமைத்தே படைக்கிறார்கள். ஆண்டில் பாதி குளிரும், பல வாரங்கள் பனியும் மூடிக்கிடக்கும் ஊரில் கறியும் சுக்கும் விலக்கப்படாமல் போனதில் வியப்பு என்ன இருக்கிறது? வெங்காயத்தையும் பூண்டையும்தான் கிளர்ச்சி தரும் பொருள்கள் என்று அவர்கள் ஒதுக்கினார்கள். நம் ஊர்க் கணக்கு வேறு, அவர்கள் கணக்கு வேறு.

பள்ளத்தாக்கின் முஸ்லிம் வீடுகளிலும், ‘வாஸ்வான்’ எனப்படும் கல்யாண விருந்திலும் இதே கறி வேறு விதமாக வருகிறது. அங்கே பூண்டும், ‘ப்ரான்’ என்ற சிறு வெங்காயமும் சேரும். ப்ரான் நம் சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய உறவு. அதைப் பொரித்து அரைத்துச் சேர்ப்பார்கள். சிவப்புக்கு ‘மவல்’ என்ற பூவைக் கொதிக்கவைத்து வடித்த சாறு. மவல் என்றதும் ஏதோ இமயமலைப் பூ என்று நினைக்க வேண்டாம், நம் ஊர்க் கதம்பத்தில் தொடுக்கும் கோழிக்கொண்டைப் பூதான். வாஸ்வான் சமையல்காரர்களான வாஸாக்கள் விறகடுப்பில் வரிசையாகப் பாத்திரங்களை ஏற்றி இரவெல்லாம் சமைப்பதும், ‘த்ராமி’ என்ற பெரிய செம்புத் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதும் தனிக் கட்டுரைக்கு உரிய விஷயங்கள். இரண்டில் எது அசல் என்று கேட்டால் அடிதடியில் முடியும். மாமியைக் கேட்டேன். “எங்கள் வீட்டுக்குக் கறி வெட்டித் தந்தவர் முஸ்லிம். எந்தச் சமையலுக்கு எந்தத் துண்டு என்று எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். ரோகன் ஜோஷ் என்றால் போதும், வேறு கேள்வி கேட்க மாட்டார்” என்றார். தில்லிக்கு வந்த புதிதில் கடைக்காரர் “கறி பீஸா?” என்று மட்டும் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இனி பெயருக்கு வருவோம். பாரசீகத்தில் ‘ரோகன்’ என்றால் எண்ணெய் அல்லது நெய். ‘ஜோஷ்’ என்றால் கொதிப்பு, வேகம். கொதிக்கும் நெய்யில் வெந்தது என்று பொருள் கொள்வது ஒரு கட்சி. சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது மறு கட்சி. சமைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன. கறி வெந்து முடிந்ததும் மேலே செக்கச் சிவந்த எண்ணெய் பிரிந்து நிற்கும். வத்தக்குழம்பு சுண்டியதும் நல்லெண்ணெய் மேலே மிதக்கிறதே, அதே மாதிரி. அந்த எண்ணெய்தான் ரோகன். அது பிரியாத வரை கறி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சிவப்பு இன்று காஷ்மீரி மிளகாயால் வருகிறது. காரம் குறைவு, நிறம் அதிகம். மிளகாய் என்பதே 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த சரக்கு. அதற்கு முன்னால் இந்தக் கறி சிவந்திருக்குமானால் அது வேரிலிருந்தோ பூவிலிருந்தோ வந்த சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். ரதன்ஜோத் என்ற வேர்ப்பட்டையைச் சிலர் இன்றும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு விசேஷம். தண்ணீரில் போட்டால் சாயம் அவ்வளவாக இறங்காது. சூடான எண்ணெயில் போட்டால் நொடியில் மாதுளை நிறம் ஏறிவிடும். மாமி அதைச் சேர்ப்பதில்லை. மிளகாயும் பொறுமையும் போதும் என்பது அவர் கட்சி.

கடைக்குப் போகும் முன் சில விஷயங்கள். ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் ‘லாம்ப்’ என்று எழுதுவது இளஞ் செம்மறியை. காஷ்மீரிகள் விரும்புவதும் செம்மறிதான். உள்ளூர் மந்தை போதாமல் ராஜஸ்தானிலிருந்தெல்லாம் லாரி லாரியாக அங்கே ஆடுகள் போகின்றன. நம் ஊரிலோ வெள்ளாட்டுக்குத்தான் மரியாதை. செம்மறியில் வாடை அடிக்கும் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் அதிகம். தில்லிக் கடைகளில் மட்டன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளாடுதான். அதிலேயே செய்யலாம், பாதகமில்லை. கொழுப்புக் குறைவு என்பதால் வேக நேரம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். செம்மறி கிடைத்தால் விடாதீர்கள். சோம்பும் சுக்கும் பெருங்காயமும் சேரும் இடத்தில் அந்த வாடை நிற்காது. முன்னங்கால் சப்பையும் கழுத்தும் தொடையும் கலந்து எலும்போடு 1 கிலோ வாங்குங்கள். துண்டுகள் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 14, 15-க்கு மேல் வரக் கூடாது. கடைக்காரர் கத்தியை ஓங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மசாலாச் சாமான்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் போதும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க நாம் போகிற அதே மார்க்கெட்தான். காஷ்மீரி மிளகாய் என்று விற்பதெல்லாம் காஷ்மீரத்தில் விளைந்ததல்ல. கர்நாடகத்தின் ஹாவேரிப் பக்கத்து பேடகி மிளகாயும் அதே சுருக்கத்தோடும் நிறத்தோடும் இருக்கும், காரமும் குறைவு. அதை வாங்கி வீட்டில் பொடித்தால்கூட வேலை நடக்கும். பாக்கெட் பொடி வாங்கினால், ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். உடனே சிவப்புக் கோடுகள் இழையிழையாக இறங்கினால் அதில் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறது. பெருங்காயம் கூட்டுப் பெருங்காயமாக இருந்தால் அதில் மாவும் பிசினும் கலந்திருக்கும், தாராளமாகப் போடலாம். சுத்தப் பெருங்காயம் என்றால் மிளகளவு போதும். காலங்காலமாக ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் நம்பியிருந்த இந்தச் சரக்கை, இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் முதன்முதலாக நட்டுப் பயிரிடத் தொடங்கினார்கள்.

எண்ணெய் கடுகெண்ணெய். இங்கேதான் நம்மவர்களில் பாதிப்பேர் பின்வாங்குவார்கள். பின்வாங்க வேண்டாம். கனமான அடியுள்ள பாத்திரத்தில் 150 மில்லி ஊற்றி, புகை கிளம்பும் வரை காய்ச்சி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். நெடி போய், எண்ணெயின் மஞ்சளும் வெளுத்துவிடும். மறுபடி மிதமான தீயில் வைத்து, 6 கிராம்பு, 2 பெரிய ஏலக்காய், ஒரு துண்டுப் பட்டை, 2 பிரிஞ்சி இலை போட்டு, தண்ணீரில் கரைத்த பெருங்காயத்தைத் தெளியுங்கள். தெறிக்கும், தள்ளி நிற்க வேண்டும். உடனே கறியையும் ஒன்றரை ஸ்பூன் உப்பையும் போடுங்கள்.

இதற்குப் பின் வரும் முக்கால் மணி நேரம்தான் ரோகன் ஜோஷ். மற்றதெல்லாம் சேர்மானம். கறி முதலில் வெளுக்கும், பிறகு தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் கொதித்து வற்ற வேண்டும். வற்றியதும் கறி எண்ணெயில் பொரியத் தொடங்கி அடியில் பிடிக்கும். நம் கை உடனே தண்ணீரை ஊற்றி மூடப் போகும். கூடாது. கையளவு தண்ணீரைத் தெளித்து, பிடித்ததைச் சுரண்டிக் கறியோடு புரட்ட வேண்டும். மீண்டும் வற்றும், மீண்டும் பிடிக்கும், மீண்டும் தெளித்துச் சுரண்ட வேண்டும். நாலைந்து தடவை இப்படிச் செய்த பிறகு கறி முழுவதும் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். நாம் வெங்காயத்தை வதக்கி வரவழைக்கும் நிறத்தையும் மணத்தையும் இவர்கள் கறியிலிருந்தே எடுக்கிறார்கள். “கண்ணால் பார்ப்பதை விடக் காதால் கேள்” என்றார் மாமி. தண்ணீர் இருக்கும் வரை சத்தம் ‘கொளகொள’ என்றிருக்கும். வற்றியதும் ‘சட சட’ என்று மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்ததும் கரண்டியை எடுக்க வேண்டும். எனக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்த ஒரு நாள் இதைச் சுருக்க வழி உண்டா என்று கேட்டேன். “அவசரம் என்றால் முட்டை பொரித்துச் சாப்பிடு, பேட்டா” என்று பதில் வந்தது.

அடுத்தது தயிர். 200 கிராம் புளிக்காத கெட்டித் தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, தீயைக் குறைத்து, ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்க வேண்டும். மோர்க்குழம்பு திரிந்துபோவது எப்படி என்று நமக்குத் தெரியும். சூடு சட்டென ஏறினால் தயிரின் புரதம் திரண்டு தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் நுரை கூடியதும் மோர்க்குழம்பை இறக்கிவிடுகிறோம். இங்கே இறக்கக் கூடாது. கொதி வரும் வரை கரண்டியை நிறுத்தாமல் ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருந்தால் திரியாது. கொதி வந்த பிறகு தயிரின் ஈரமும் வற்றி, அது எண்ணெயில் பொரிந்து கறியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். தக்காளி இல்லாமலே புளிப்பு வருவது இதனால்தான்.

இப்போது 4 டீஸ்பூன் மிளகாய்ப் பொடியைக் கால் தம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பொடியை அப்படியே எண்ணெயில் போட்டால் கருகிப் போகும், சிவப்பும் போய்விடும். ஓரிரு நிமிடம் கிளறியதும் நிறம் எழும்பும். பிறகு 4 டீஸ்பூன் சோம்புப் பொடி, 2 டீஸ்பூன் சுக்குப் பொடி, அரை டீஸ்பூன் சர்க்கரை. சோம்பை நம் வழக்கப்படி வறுத்து அரைக்கக் கூடாது. பச்சையாகப் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும், வறுத்தால் அந்த இனிப்பு மணம் போய்விடுகிறது. இஞ்சியையும் பச்சையாக அரைத்துப் போடக் கூடாது, சுக்குதான். பனிக்காலத்துக்காகக் காய வைத்த சாமான்களால் உருவான சமையல் அது. சுக்கின் காரம் நாக்கில் அல்லாமல் தொண்டையில் மெதுவாகத் தெரியும்.

மூன்று தம்ளர் வெந்நீர் ஊற்றி மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். வெள்ளாடு முற்றலாக இருந்தால் இரண்டு மணி. எலும்பையும் தசையையும் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற பொருள் இந்த மெதுவான சூட்டில் கரைந்து பசையாகிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. வெங்காய விழுதோ தேங்காயோ முந்திரியோ இல்லாமல் குழம்பு கெட்டிப்படும் ரகசியம் இதுதான். கடைசியில் 4 பச்சை ஏலக்காயைத் தட்டிப் போட்டு, எண்ணெய் மேலே பிரிந்ததும் இறக்கலாம். கொத்தமல்லித் தழை தூவுகிற கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தில்லிப் பண்டிதர் வீடுகளிலேயே இன்று குக்கர்தான் விசிலடிக்கிறது. மாமியும் வைக்கிறார். ஸ்ரீநகரில் மண்சட்டியில் விறகு நெருப்பில் வைத்தவருக்கு முதலில் மனம் ஒப்பவில்லையாம். சுரண்டி வறுக்கும் வேலையைத் திறந்த பாத்திரத்தில் முடித்துவிட்டு, வேகவைக்க மட்டும் குக்கர் என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. மூடியைத் திறந்த பிறகு பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் பிரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விடுகிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும், ஆனால் அது வேறு குழம்பு. எண்ணெய் அதிகம் என்று பயப்படுகிறவர்கள் சமைத்து முடித்த பின் மேலே நிற்பதை வழித்து எடுத்துவிடலாம். முதலிலேயே குறைத்தால் கறி வறுபடாது, வெந்துபோகும்.

தில்லிக் கோடையில் இந்தச் சமையல் வேண்டாம் என்றே சொல்வேன். 45 டிகிரி வெயிலில் சுக்கும் கடுகெண்ணெயும் யாருக்குத் தேவை? தீபாவளிக்குப் பிறகு குளிர் ஏறத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள்.

சாப்பிடுவது எதனோடு? சப்பாத்தி, நான் என்று போக வேண்டாம். காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோற்றுப் பிரியர்கள். ‘பத்த’ என்றால் அவர்கள் மொழியில் சோறு. ரொட்டி தேசத்தின் நடுவே சோற்றுக்கு ஏங்கும் இரண்டு கூட்டங்கள் ஒரே மாடிப்படியில் குடியிருக்கிறோம் என்று மாமியிடம் சொன்னபோது பலமாகச் சிரித்தார். பாசுமதி வேண்டியதில்லை. பொன்னி அரிசியைக் குழையாமல் வடித்தால் பொருத்தமாக இருக்கும். பக்கத்தில் ‘ஹாக்’ என்ற கீரை, அதுவும் பெருங்காயம் போட்டதுதான். அது கிடைக்காவிட்டால் நூல்கோல் இலையைக் கடுகெண்ணெயிலும் பெருங்காயத்திலும் வேகவைத்துக்கொள்ளலாம், நூல்கோலும் அவர்களுக்குப் பிடித்த காய்தான். ஆறு பேருக்குக் கறி போதும். மிஞ்சினால் மறுநாள் சூடுபண்ணும்போது கொஞ்சம் வெந்நீர் மட்டும் சேருங்கள். முதல் நாளை விட மறுநாள் சோம்பு நன்றாக இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அதை இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. மாமிக்கு இதுவரை அது தெரியாது.